ஆகமம் யாருடைய சொல்?
(சுருத பஞ்சமி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

சேட்ட மாதத்து வளர்பிறை ஐந்தாம் நாள் சுருத பஞ்சமி. அன்று ஜிநாலயங்களில் ஏடுகளையும் நூல்களையும் பீடத்தில் எழுந்தருளச் செய்து பூசிப்பது வழக்கம். சட்கண்டாகமம் நூல் வடிவம் பெற்று, பூதபலி ஆசாரியராலும் நால்வகைச் சங்கத்தாராலும் பூசிக்கப்பட்ட நாள் இது என்று இந்திரநந்தியின் சுருதாவதாரம் கூறுகிறது. நூலைப் பூசிக்கும் இந்த நாளில் அந்நூலைப் பற்றிய ஐயத்தையே பேச்சுக்குப் பொருளாக எடுப்பது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயினும் வெளியூர்களில் பயிலும் தமிழ்ச் சமண இளைஞர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. உடன் பயில்வோர், தங்கள் திருநூல் இறைவனால் அருளப்பட்டது என்பார்கள். சிலர் எவராலும் செய்யப்படாமல் என்றும் உள்ளது என்பார்கள். “உங்கள் நூலைத் தந்தவர் யார்?” என்று அவர்கள் கேட்கும்போது, உலகைப் படைத்த கடவுள் ஒருவன் உண்டு என்றே கொள்ளாத சமயத்தைச் சேர்ந்த பிள்ளை என்ன விடை சொல்வது? அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அங்கங்களும் பூர்வங்களும் பெரும்பாலும் மறைந்துபோயின என்று திகம்பர மரபே ஒப்புக்கொள்கிறதே, எஞ்சியதை எப்படி நம்புவது என்பதே அது.

இக்கேள்வியைப் பிறர் கேட்பதற்கு முன்பே சமணர் பிறரைக் கேட்டிருக்கிறார்கள். தமிழில் நீலகேசி என்னும் காப்பியம் அதற்குச் சான்று. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடு 1936இல் அதைப் பதிப்பித்தார். அதன் வேதவாதச் சருக்கத்தில், வேதம் எவராலும் இயற்றப்படாதது என்ற கொள்கையை நீலகேசி எதிர்த்து வாதிடுகிறாள். மீமாம்சகரின் நிலைப்பாடு எளிதில் தள்ளத்தக்கதன்று. மனிதன் பிழை செய்வான், பொய்யும் சொல்வான். ஆகையால் மனிதன் சொன்னதாக எதுவும் அறத்துக்கு இறுதிப் பிரமாணம் ஆகாது. சொன்னவனே இல்லாத சொல்லில்தான் சொன்னவனின் குற்றம் புகாது என்பது அவர்கள் எண்ணம். சமணரின் மறுப்பு மிகவும் நேரானது. சொல் என்பது நாவும் உதடும் மிடறும் தொழிற்பட்டுப் பிறப்பது. பேசுவோன் இல்லாத பேச்சை எவரும் கேட்டதில்லை. பேசுவோனை நீக்கிவிட்டால் அவனுடைய குற்றங்கள் நீங்குவது உண்மைதான். அவனுடைய குணங்களும் சேர்ந்தே நீங்கிவிடுகின்றன. ஒரு சொல்லை நம்பவைப்பது சொன்னவனின் குணம் என்றால், சொன்னவனே இல்லாத சொல்லை எதைக்கொண்டு நம்புவது?

இந்த வாதத்தில் வெல்வது எளிது. வென்ற பிறகு அதே கேள்வி தன் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஒரு சமயத்தின் நேர்மை தெரிகிறது.

அந்தக் கேள்வியைத் தம் கடவுளிடமே கேட்டவர் சமந்தபத்திர சுவாமிகள். அவர் பெயர் காஞ்சியோடு சேர்த்துச் சொல்லப்படுவது. சிரவணபெளகுளத்தில் உள்ள 1129ஆம் ஆண்டுச் சாசனம், அவர் வாத முரசு அறைந்த ஊர்களின் வரிசையில் காஞ்சிபுரத்தையும் வைக்கிறது. அவர் இயற்றிய ஆப்தமீமாம்சை 114 காரிகைகள் கொண்டது. ஆப்தன் என்றால் நம்பத்தக்கவன். மீமாம்சை என்றால் ஆராய்ச்சி. அருகனைப் போற்றும் தோத்திரமாகவே அது அமைந்துள்ளது. தேவாகம தோத்திரம் என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆனால் அதன் தொடக்கத்தைப் படிப்பவர் சற்றுத் திடுக்கிடுவார். தேவர்கள் வந்து பணிவதும், விண்ணில் நடப்பதும், சாமரை வீசப்பெறுவதுமாகிய சிறப்புகளை எடுத்துக்கூறி, இவை மாயாவிகளிடத்தும் காணப்படுகின்றன. ஆதலால் இவற்றைக்கொண்டு நீ பெரியவன் ஆகமாட்டாய் என்று பகவானிடமே சொல்கிறார் ஆசாரியர். அடுத்து, வியர்வை முதலியன இல்லாத தெய்வீக உடலின் சிறப்பை எடுத்துக்கொள்கிறார். ஆசை நீங்காத தேவர்களுக்கும் அது உண்டு என்று அதையும் விலக்குகிறார். மூன்றாவதாக, ஒரு சமயத்தைத் தோற்றுவித்த தீர்த்தங்கரன் என்பதே போதாதா என்ற எண்ணத்தை எடுக்கிறார். சமயங்களைத் தோற்றுவித்தோர் பலர். அவர்களுடைய ஆகமங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. எனவே எல்லோரும் ஆப்தராக இருக்க இயலாது என்கிறார்.

சமவசரணத்தின் அழகையும் தேவர்களின் வருகையையும் ஸ்ரீபுராணத்தில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கடுமையாகத் தோன்றலாம். அவற்றை ஆசாரியர் பொய் என்று சொல்லவில்லை. அவை சான்று ஆகா என்கிறார். ஓர் அற்புதத்தைப் பார்த்து ஒருவரை நம்பினால், அதைவிடப் பெரிய அற்புதத்தைக் காட்டுபவரை நாளை நம்ப வேண்டிவரும்.

பிறகு எது சான்று? ஆசாரியர் மூன்று படிகளில் ஏறுகிறார். பொன்னில் கலந்த மாசு உரிய முறைகளால் சிறிது சிறிதாகக் குறைந்து முற்றிலும் நீங்குகிறது. அவ்வாறே உயிரின் குற்றங்களும், அறிவை மறைக்கும் வினைகளும் மனிதர்க்கு மனிதர் கூடியும் குறைந்தும் காணப்படுவதால், எவரோ ஒருவரிடத்து அவை முழுமையாக நீங்குதல் கூடும். இது முதற்படி. நுண்ணியனவும் மறைந்தனவும் தொலைவில் உள்ளனவும் அனுமானத்தால் அறியப்படுகின்றன. புகையால் அறியப்படும் நெருப்பு எவருக்கோ கண்கூடாக இருப்பதுபோல அவையும் எவருக்கோ நேரில் புலனாகக் கூடும். இது இரண்டாம் படி. அந்த ஒருவர் நீயே என்று அருகனை நோக்கிச் சொல்வது மூன்றாம் படி. காரணம், உன் சொல் அறிவுக்கும் ஆகமத்துக்கும் முரண்படவில்லை என்பது. காணப்படும் உலகத்தோடு சொல் ஒத்துப்போகிறதா என்பதே இங்கு உரைகல். எஞ்சிய நூறுக்கும் மேற்பட்ட காரிகைகளில், ஒருதலையாகப் பேசும் கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறார்.

அருகன் உலகைப் படைத்தவன் அல்லன். நூலை வானிலிருந்து இறக்கியவனும் அல்லன். விருப்பும் வெறுப்பும் அறியாமையும் பொய்க்குக் காரணங்கள். அவை மூன்றும் அற்ற மனிதன் பொய் சொல்வதற்கு வேர் இல்லை. திவ்வியத்தொனி என்ற சொல்லைக் கேட்டுப் பிள்ளைகள் அசரீரி போன்ற ஒன்றைக் கற்பனை செய்துகொள்வதுண்டு. நூல்கள் தெளிவாகவே பேசுகின்றன: பொருளை அருளியவர் பகவான் மகாவீரர், அதை நூலாகத் தொகுத்தவர் கௌதம கணதரர். இந்தக் கௌதமராகிய இந்திரபூதி வேதம் கற்ற அந்தணர். உயிர் உண்டா, உயிரல்லாதது எது என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளவே அவர் பகவானின் திருவடியை அடைந்தார் என்று தவளை உரை குறிப்பிடுகிறது. அவர் வரும்வரை 66 நாட்கள் திவ்வியத்தொனி எழவில்லை என்பது திகம்பர மரபு. ஐயத்தோடு வந்த ஒருவரின் வாயிலாகத்தான் ஆகமம் நூலாயிற்று.

மீமாம்சகரான குமாரிலபட்டர் இந்த விடையால் நிறைவடையவில்லை. அவர் தொடுத்த கணை கூர்மையானது. கேவலஞானம் உண்டு என்பது ஆகமத்தால் தெரிகிறது என்கிறீர்கள்; ஆகமம் மெய் என்பது கேவலஞானி சொன்னதால் தெரிகிறது என்கிறீர்கள்; ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இரண்டில் எது நிலத்தில் ஊன்றியிருக்கிறது? முற்றுணர்ந்தவர் என்று ஒவ்வொரு சமயத்தாரும் ஒருவரைக் காட்டினால், அவர்களுக்குள் ஏன் இத்தனை முரண்பாடு என்றும் மீமாம்சகர் கேட்டனர்.

அகளங்கதேவர் இதற்குத் தந்த விடை குறிப்பிடத்தக்கது. கேள்வியின் முதற்பகுதியை அவர் மறுக்கவே இல்லை. ஆம், ஆகமம் இன்றிக் கேவலஞானம் இல்லை. கேவலஞானம் இன்றி ஆகமம் இல்லை. ஆனால் ஒரே ஆகமமும் ஒரே ஞானியும் ஒருவரையொருவர் தாங்கவில்லை. முந்தைய உபதேசத்தால் ஒருவர் ஞானியாகிறார். அவர் உபதேசத்தால் பின்னொருவர் ஞானியாகிறார். விதையும் முளையும் போலத் தொடரும் இந்த வரிசைக்குத் தொடக்கம் இல்லை. ஆகமத்தின் தோற்றம் மனிதனிடத்தில். அதன் தொடர்ச்சி அநாதி என்று அவர் முடிக்கிறார். இந்த விடையால் எதிர்வாதி மனம் மாறியிருப்பார் என்று எண்ணுவது மிகை. அநாதியான தொடர் ஒன்று உண்டு என்பதையும் எவரேனும் ஏற்றாக வேண்டுமே. ஆனாலும் தன் நிலைப்பாட்டின் எந்த இடம் தருக்கத்தால் தாங்கப்படுகிறது, எந்த இடம் ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்பதை மறைக்காத விடை இது. இந்த எல்லையைச் சமந்தபத்திரரும் முன்பே வரைந்துவைத்தார். எல்லாம் தருக்கத்தாலேயே தெரியும் என்றால் காட்சி முதலியவற்றால் அறிதல் இல்லாமற்போகும். எல்லாம் ஆகமத்தாலேயே தெரியும் என்றால் ஒன்றுக்கொன்று மாறான எல்லா மதங்களும் மெய்யாகிவிடும். சொல்பவர் ஆப்தர் அல்லர் எனில் தருக்கத்தைக்கொண்டு தெளிக. ஆப்தர் எனில் அவர் சொல்லைக்கொண்டு தெளிக என்பது அவர் முடிபு.

இங்கே ஒரு தடை எழும். நற்காட்சியின் எட்டு உறுப்புகளில் முதலாவது ஐயமின்மை. தத்துவார்த்த சூத்திரம் ஐயத்தை நற்காட்சிக்கு உரிய குற்றங்களில் முதலில் எண்ணுகிறது. இரத்தினகரண்டகத்தைத் தழுவிய தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பைப் பயின்ற வீடுகளில், ஐயம் என்ற சொல்லே குற்றத்தின் பெயராகப் பழகியிருக்கிறது. ஆனால் ஐயமின்மையை முதல் உறுப்பாக வைத்த இரத்தினகரண்டகமும், பகவானையே சோதித்த ஆப்தமீமாம்சையும் சமந்தபத்திரர் என்னும் ஒரே ஆசாரியருடையவை என்பது மரபு. அதே இரத்தினகரண்டகம், ஆற்றில் மூழ்குவதும் மலையிலிருந்து விழுவதும் அறம் என்று நம்புவதை உலக மூடம் என்று கண்டிக்கிறது. ஆராயாமல் நம்புவது மூடம். ஆராய்ந்து தெளிந்த பின்னும் ஊசலாடுவது ஐயம். இரண்டும் குற்றமாகும்போது, இடையில் ஆராய்ச்சிக்கு என்று ஓரிடம் ஒதுக்கப்பட்டே இருக்கிறது. “பெரியவர்கள் சொன்னதைக் கேள்வி கேட்காதே” என்று பிள்ளையின் வாயை அடைப்பவர் அந்த இடத்தைத்தான் அடைக்கிறார்.

இனி இரண்டாம் கேள்வி. சொன்னவர் நம்பத்தக்கவரே ஆகட்டும். கை மாறி வந்த நூலை எப்படி நம்புவது?

மகாவீரர் பரிநிர்வாணம் எய்தியபின் மூன்று கேவலிகள் 62 ஆண்டுகளும், ஐந்து சுருதகேவலிகள் 100 ஆண்டுகளும் விளங்கினர். அதன்பின் அறிவு படிப்படியாகக் குறைந்து, 683 ஆண்டுகளில் அங்க அறிவின் தொடர் அற்றது என்பது திகம்பரர் கணக்கு. எஞ்சிய ஒரு சிறு பகுதியை அறிந்தவர் தரசேன ஆசாரியர். சௌராட்டிரத்தில் கிரிநகரத்துச் சந்திர குகையில் வாழ்ந்த அவர், தமக்குப் பின் இதுவும் மறைந்துவிடுமோ என்று அஞ்சித் தென்னாட்டு ஆசாரியர்களுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் இரண்டு முனிவர்களை அனுப்பினர்.

வந்தவர்களுக்கு அவர் உடனே பாடம் சொல்லிவிடவில்லை. ஆளுக்கொரு மந்திரம் தந்து, இரண்டு நாள் உண்ணாநோன்பிருந்து சாதிக்கச் சொன்னார். ஒரு மந்திரத்தில் ஓரெழுத்து மிகையாகவும், மற்றதில் ஓரெழுத்துக் குறைவாகவும் வைத்தே கொடுத்தார். அவர்கள் செபித்தார்கள். ஒருவர் முன் பல் துருத்திய தேவதை தோன்றியது; மற்றவர் முன் ஒற்றைக்கண் தேவதை. தேவர்க்கு இயல்பாக இவ்வுரு இல்லையே என்று இருவரும் எண்ணினர். குருவின் வாயிலிருந்து வந்த மந்திரம், அதைச் சொன்னவுடன் தேவதையே வந்து நின்றது. அப்படியிருந்தும் அவர்கள் தேவதையை வணங்கி எழுந்து போய்விடவில்லை. மந்திர இலக்கணத்தைக்கொண்டு எழுத்துகளை எண்ணிப் பார்த்தனர். மிகையை நீக்கி, குறையை நிரப்பி மறுபடியும் ஓதியபோது தேவதைகள் இயல்பான உருவில் தோன்றினர். நடந்ததை அறிந்த தரசேனர் மகிழ்ந்து, நல்ல நாள் பார்த்துப் பாடத்தைத் தொடங்கினார்.

தவளையில் வீரசேனர் சொல்லும் இக்கதையைச் சுருத பஞ்சமிதோறும் சொல்வார்கள். பெரும்பாலும் முனிவர்களின் திறமைக்குச் சான்றாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். அவர்கள் எதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பது அதைவிடக் கவனிக்கத்தக்கது. மறைந்துகொண்டிருக்கும் நூலை ஒப்படைக்க ஆள் தேடிய குரு, கொடுத்ததை அப்படியே ஒப்பிக்கும் சீடரைத் தேடவில்லை. கொடுத்ததில் பிழை இருந்தால் கண்டுபிடிக்கும் சீடரைத் தேடினார். அவர்களே புட்பதந்தரும் பூதபலியும். பாடம் முடிந்தபின் புட்பதந்தர் வனவாசி நாட்டுக்கும் பூதபலி தமிழ் நாட்டுக்கும் சென்றதாகத் தவளை கூறுகிறது. புட்பதந்தர் முதற்பகுதியின் 177 சூத்திரங்களை இயற்றி, ஜினபாலிதர் என்ற முனிவரிடம் கொடுத்துப் பூதபலிக்கு அனுப்பினார். மற்றவற்றைப் பூதபலி இயற்றினார். ஆகவே சட்கண்டாகமத்தின் பெரும்பகுதிக்குத் தமிழ் மண்ணோடு உறவு உண்டு. தமிழ்ச் சமணரில் பலர் இதை அறியார்.

9ஆம் நூற்றாண்டில் அதற்கு உரை கண்ட வீரசேனரின் முறை, நூலை நேசிப்பவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. தமக்குக் கிடைத்த உபதேசங்கள் முரண்படும் இடங்களை அவர் மறைக்கவில்லை. மகாவீரர் நிர்வாணத்துக்கும் சக அரசன் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட காலம் 605 ஆண்டு 5 மாதம் என்று சிலர். 14,793 ஆண்டு என்று சிலர். 7,995 ஆண்டு 5 மாதம் என்று சிலர். மூன்றையும் எழுதி, இவற்றுள் ஒன்றுதான் மெய்யாக இருக்கக்கூடும், மூன்றும் மெய்யாதல் இயலாது என்கிறார். மகாவீரரின் ஆயுள் 72 ஆண்டு என்றும், 71 ஆண்டு 3 மாதம் 25 நாள் என்றும் இரண்டு கூற்றுகள் வந்தன. தீர்ப்பதற்கு உபதேசம் கிடைக்கவில்லை. ஏதேனும் ஒன்றில் முரண்பாடும் தென்படவில்லை. ஏலாசாரியரின் மாணவனாகிய தாம் இதில் நாவை அசைப்பதற்கில்லை என்ற கருத்துப்பட எழுதி நிறுத்திக்கொள்கிறார். இரண்டு சூத்திர மரபுகள் மோதும் வேறோர் இடத்தில், ஒன்றுதான் ஜினன் சொல்லாக இருக்க முடியும். எது என்று சொல்லக் கேவலியோ சுருதகேவலியோ இன்று இல்லை. ஆதலால் பாவத்துக்கு அஞ்சுவோர் இரண்டையும் காக்க வேண்டும் என்கிறார். தமக்குப் பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழித்திருந்தால் நூல் மாசற்றதாகத் தோற்றமளித்திருக்கும். அந்தத் தோற்றத்தை அவர் விரும்பவில்லை.

வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் திருவடி பதித்துப் போற்றப்படும் குந்தகுந்த ஆசாரியரும் இவ்வழியினரே. நியமசாரத்தின் இறுதியில், முன்பின் முரண் ஏதேனும் இருந்தால் அறிந்தோர் அதை நீக்கித் திருத்துக என்று எழுதி வைத்திருக்கிறார்.

இவையெல்லாம் பழங்கதை என்று தோன்றினால், அண்மைக்காலத்து நிகழ்ச்சி ஒன்று உண்டு. தவளையின் ஓலைச் சுவடிகள் நெடுங்காலம் மூடபித்ரியில் மட்டுமே இருந்தன. பழங்கன்னட எழுத்தில் அமைந்த அவற்றைத் தரிசிக்கலாம், படிப்பவர் அரிது. பிற்காலத்தில் படி எடுக்கப்பட்டு வெளியே வந்த பிரதிகளைக்கொண்டு ஹீராலால் ஜெயின் தலைமையில் 1939 முதல் 16 தொகுதிகள் அச்சாயின. முதற்பகுதியின் 93ஆம் சூத்திரம் மானுடப் பெண்பாலார்க்கு உரிய குணத்தானங்களைக் கூறுவது. அதில் ‘சஞ்சத’, அதாவது முழுத் துறவொழுக்கம் என்னும் சொல் இருக்க வேண்டும் என்று பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்பு எழுதினர். கைக்குக் கிடைத்த பிரதிகளில் அச்சொல் இல்லை. வீரசேனரின் உரையோ பெண்பாலார்க்குப் பதினான்கு குணத்தானங்களும் எவ்வாறு பொருந்தும் என்று வினவி விடை தருகிறது. மூலத்தில் அச்சொல் இல்லையெனில் அந்த வினாவுக்கே இடமில்லை என்பது அவர்கள் காட்டிய காரணம்.

பெரும் சர்ச்சை மூண்டது. பெண்ணுடலில் வீடுபேறு இல்லை என்ற திகம்பரக் கொள்கைக்கே அச்சொல் ஊறு செய்யும் என்று பண்டிதர் சிலர் அஞ்சினர். பால் உணர்வைக் குறித்த பேச்சு அது, உடலைக் குறித்ததன்று என்று வீரசேனரே விளக்கியிருப்பதை மற்றவர்கள் எடுத்துக்காட்டினர். அச்சொல்லைச் சேர்ப்பது ஆகமத்தைத் திரிப்பது என்று ஒரு சாராரும், விடுவதே திரிப்பது என்று மறு சாராரும் வாதிட்டனர். இரு சாராரும் ஆகமத்தின்மேல் பக்தி உடையவர்களே. பக்தியால் தீராத அந்த வழக்கு மூடபித்ரி ஓலையைத் திறந்து பார்த்தபோது தீர்ந்தது. ‘சஞ்சத’ என்ற சொல் அங்கே இருந்தது. இடையில் படி எடுத்த யாரோ ஒருவரின் கை அதை விட்டுவிட்டது.

பீடத்தில் ஏற்றி வைக்கப்படும் சட்கண்டாகமத்தின் முதல் தொகுதியை, பூசை முடிந்து மறுபடி அலமாரியில் வைப்பதற்கு முன், 93ஆம் சூத்திரம் உள்ள பக்கத்தில் திறந்து இளையோர்க்குக் காட்டலாம். கீழே அடிக்குறிப்பு இருக்கும்.